காரைக்காற் பட்டினத்தின் வரலாறும் நிலவியல்பும்

சோழவளநாட்டின் கீழ்கடற்கரையிலே, காவிரியின் கிளையாறுகள் கடலொடு கலக்குமிடங்களில் அமைந்த பட்டினங்கள் பல. அவற்றுட் காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் பேரரசர்களாற் பேணப்பெற்றுப் பெரும்புகழ் எய்தின. அவ்விரண்டிற்கும் இடையிற் சிறியதாய் அமைந்தது காரைக்கால். அளவிற் சிறிதாயினும், சைவ நன்மக்கள் நாவில் நாடோறும் பயிலும் பெயர் இவ்வூர்க்கு உண்டு. அம்மையார் ஒருவரின் திருப்பெயரோடு ஒட்டி நின்று, ஊர்ப்பெயரே அடியார் பெயராகிய பேறு மிகச் சில ஊர்களுக்கே வாய்த்தது.

அங்ஙனமாகவும், காரைக்காலின் வரலாறு பிரெஞ்சுக்காரர் வந்திறங்கிய 1739-ஆம் ஆண்டிலேயே தொடங்குவதுபோற் பேசுவாரும் எழுதுவாரும் உளர். அதற்கு முன்னர் இது செம்படவர் குடிசைகள் சில இருந்த வெறுங்கரையே என்பது அவர் கருத்து. இக்கருத்து நூற்சான்றொடு பொருந்துமா என்பதும், இந்நிலத்தின் இயல்பு இவ்வூர் வரலாற்றை எவ்வாறு வகுத்தது என்பதும் ஆராயத்தக்கன.

ஊரின் பெயர்

'கால்' என்பது நீரோடும் வழிக்குப் பெயராதல் வாய்க்கால் என்னுஞ் சொல்லானே அறியப்படும். 'காரை' என்பது முட்செடி ஒன்றற்கும், சுண்ணச் சாந்திற்கும் பெயராய் வழங்குவது. காரைச்செடி அடர்ந்த கால்வாய் எனப் பொருள் கொள்வாரும், காரையாற் கட்டிய கால்வாய் எனக் கொள்வாரும் என இருதிறத்தார் உளர். இவற்றுள் எதனைக் கொள்ளினும், நீர்க்கால் ஒன்றே இவ்வூர்க்குப் பெயர் தந்தது என்பதில் இருதிறத்தாரும் ஒத்தவரே. இக்குறிப்பு சிறிதாயினும் பின்னர்ப் பயன்படும். இவ்வூரின் வாழ்வும் தாழ்வும் நீர்க்காலின் வழியே வந்தமை காணப்படும்.

நூற்சான்று

இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய பழைய நூற்சான்று அம்மையார் திருவாக்கே ஆகும். அற்புதத் திருவந்தாதியின் இறுதி வெண்பாவிலும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் கடைக்காப்பிலும் அம்மையார் தம்மைக் 'காரைக்காற்பேய்' என்றே குறித்தருளினார். பிறந்த பெயராகிய புனிதவதி என்பதனை அவர் யாண்டும் கூறிற்றிலர். குடியும் உறவும் உடலழகும் ஆகிய எல்லாவற்றையும் உதறியவர், ஊர்ப்பெயர் ஒன்றனை மட்டும் உடன்கொண்டு சென்றார் என்பது கருதற்பாலது. அம்மையார் காலம் ஆறாம் நூற்றாண்டை ஒட்டியதென்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் அவரைப் 'பேயார்' என்றே சுட்டினார். அதன்கண் ஊர்ப்பெயர் இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான், அம்மையார் புராணத்தின் தொடக்கத்தே இவ்வூரை இரண்டு இயல்புகளால் அறிமுகஞ் செய்கின்றார். ஒன்று, அறத்தின் வழிநின்று வாய்மை குன்றாத பெருவணிகர் குடிகள் நெருங்கி வாழ்ந்தமை. மற்றொன்று, கடலலை சங்குகளைக் கழிக்கானலில் கொணர்ந்து சேர்க்கும் நெய்தல் வளம். புராணம் முழுதும் கடல் வாணிகமே கதையை நடத்துகின்றது. அம்மையாரின் தந்தையாகிய தனதத்தன் வணிகர் தலைவன். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகனாகிய பரமதத்தன் மணமகனாய் வருகின்றான். ஒரே மகளாதலின் அவளை நாகைக்கு அனுப்ப மனமில்லாத தந்தை, காரைக்காலிலேயே மனையும் பொருளும் அமைத்துத் தருகின்றான். மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின்னர் அஞ்சிய பரமதத்தன், கலம் சமைத்து, கடற்றெய்வத்தைப் போற்றி, நன்னாளிற் புறப்பட்டுச் சென்று பொருளீட்டி, பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றிற் கரந்து வாழ்கின்றான்.

இவ்வரலாற்றைச் சேக்கிழார் அமைத்த முறையால் அறியப்படுவது யாது? காரைக்கால் வணிகரும் நாகை வணிகரும் கொள்வினை கொடுப்பினை செய்யும் ஒத்த நிலையினர் என்பதும், கலம் கட்டுதற்குரிய தொழிலும் பொருளும் இவ்வூரில் இருந்தன என்பதும், பாண்டிநாட்டுத் துறைகளோடு போக்குவரவு உண்டென்பதும் ஆம். புராணத்தின் ஒவ்வொரு செய்தியையும் ஆறாம் நூற்றாண்டு நிகழ்ச்சியாகவே கொள்ளவேண்டுமென்பதில்லை. எனினும் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழ அமைச்சர் ஒருவர், தம் நாட்டு மக்கள் முன்னே, வெறுங்கரையைப் பெருவணிகர் பட்டினமென்று பாடியிருத்தல் இயலாது. அவர் காலத்தே இவ்வூர் அறியப்பட்ட துறையாய் இருந்தமைக்கு இதுவே போதிய சான்று.

சூழவுள்ள திருத்தலங்களும் இதனை வலியுறுத்தும். இன்றைய காரைக்கால் மாவட்டத்துள் திருநள்ளாறு, திருத்தருமபுரம், திருத்தெளிச்சேரி, திருவேட்டக்குடி, திருக்கோட்டாறு எனத் தேவாரம் பெற்ற தலங்கள் ஐந்து உள்ளன. திருத்தெளிச்சேரி என்பது காரைக்கால் நகரை ஒட்டிய கோவிற்பத்தே. திருத்தருமபுரம், திருநீலகண்ட யாழ்ப்பாணர் தாயாரின் ஊர். யாழ்முரிப் பதிகம் பிறந்த இடம். பெயரொற்றுமையால் இதனை மயிலாடுதுறையை அடுத்த தருமையாதீனத்து ஊரோடு மயங்குவார் உளராதலின், இரண்டும் வேறென்பது குறிக்கத்தக்கது. திருநள்ளாற்றுப் பதிகமோ, மதுரையில் அனல்வாதத்தின்போது தீயிலிட்ட ஏடு பச்சையாய் நின்றமையாற் பச்சைப் பதிகம் எனப் பெயர் பெற்றது. திருத்தெளிச்சேரியினின்றும் திருக்கடவூர் நோக்கி எழுந்தருளிய ஆளுடைய பிள்ளையாரைப் போதிமங்கையில் புத்தநந்தியும் சாரிபுத்தனும் எதிர்த்த செய்தி பெரியபுராணத்துள் வருவது. ஏழாம் நூற்றாண்டில் புத்தர் குழுவினர் இக்கரையில் வாதிடும் அளவிற்கு நிலைபெற்றிருந்தனர் என்பதற்கு அது சான்று. பல நாட்டாரும் பல சமயத்தாரும் வந்திறங்கும் துறைப்பகுதியில் அன்றி அந்நிலை எங்ஙனம் அமையும்? தெற்கே ஆறேழு கல் தொலைவினுள் அமைந்த திருமலைராயன்பட்டினமும், காளமேகப் புலவர் வரலாற்றாற் புகழ்பெற்ற ஊராகும்.

நில அமைப்பு

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் தொகை 2,00,222. கிழக்கே வங்கக்கடல், ஏனை மூன்று புறமும் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள். இதனை ஆளும் அரசின் தலைநகராகிய புதுச்சேரியோ வடக்கே 130 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ளது. தன் அரசினின்றும் தொலைவிலும், அயலரசின் நடுவிலும் நிற்கும் இவ்வமைப்பே இந்நகரை எல்லைநகர் ஆக்கிற்று.

நிலம் முழுதும் ஆற்று வண்டல். மலையில்லை, குன்றில்லை, கட்டடத்திற்குரிய கல் ஒன்றும் இம்மண்ணிற் கிடையாது. கோயிற் கருங்கல் யாவும் தொலைவினின்றும் வந்தனவே. கடலோரத்தே மணல்மேடும், அதன் பின்னே தாழ்ந்த உவர்நிலமும் கழியும், அப்பால் நன்செயும் என நெய்தலும் மருதமும் ஒரு நாழிகை வழியுள் மாறிவரக் காணலாம்.

காவிரியினின்றும் பிரிந்த அரசலாறு, குடந்தையைக் கடந்து வந்து, காரைக்காலிற் கடலையடைகின்றது. பழைய நூல்களில் அரிசில் எனப் பெயர்பெற்ற ஆறு இதுவே. நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு, நண்டலாறு முதலாயினவும் இந்நிலத்தைப் பகுத்தோடுகின்றன. ஆறுகள் பலவாயினும் அவற்றுள் ஒன்றேனும் இவ்வெல்லைக்குள் தோன்றுவதில்லை. குடகில் தோன்றிய நீர் பல நாடுகளின் வயல்களை நிறைத்த பின்னரே இங்கு வந்து சேரும். ஆதலின் காரைக்கால் கடைமடை நிலம். கடைமடைக்காரன் மழை கண்டு மகிழ்வதினும் மேற்கே மதகு திறந்த செய்தி கேட்டு மகிழ்வதே மிகுதி.

காலநிலை

கடலோரமாதலின் இவ்வூரில் கடுங்குளிர் என்பது இல்லை. தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் இருபது பாகைக்குக் கீழே செல்வது அரிது. சித்திரை முதல் ஆனி வரை வெயில் கொடிது. முப்பத்தாறு, முப்பத்தேழு பாகை வரை ஏறும். பிற்பகலிற் கடற்காற்று எழுந்தால் அவ்வெம்மை தணியும். மேல்காற்று வலிதாய் வீசி, கடற்காற்றைத் தடுக்கும் நாள்களில் இரவும் புழுங்கும்.

ஆண்டு மழை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று திங்களில் வடகிழக்குப் பருவக்காற்றாற் பெய்வது. தென்மேற்குப் பருவக்காற்று இவ்வூர்க்கு நேரே மழை தருவது குறைவு; ஆயின் குடகில் அது பெய்யும் மழையே ஆறாய் வந்து குறுவைக்கு நீராகும். ஆகவே ஒரு பருவக்காற்று ஆற்றின் வழியாகவும், மற்றொன்று வானின் வழியாகவும் இந்நிலத்தை ஊட்டுகின்றன. குறுவை, சம்பா, தாளடி என்னும் பயிர் முறைகள் இவ்விரட்டை ஊட்டத்தின்மேல் எழுந்தனவே.

ஊட்டும் காற்றே அழிக்கவும் செய்யும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலில் எழும் புயல்கள் இக்கரையைப் பலமுறை தாக்கியுள்ளன. 1977-ஆம் ஆண்டு நவம்பரில் நாகப்பட்டினத்தை அழித்த புயலும், 2018-ஆம் ஆண்டு நவம்பரில் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜாப் புயலும் இவ்வூர்க்கும் கேடு விளைத்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், மார்கழி நிறைமதி நாட்காலையில் எழுந்த ஆழிப்பேரலை, காரைக்காற் பகுதியில் நானூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இறந்தவருட் பெரும்பாலார் மீனவக் குடியினர். சங்கு கொணர்ந்த அலை என்று புராணம் போற்றிய அதே அலை, ஒரு நாழிகையிற் குடிகளை வாரிச் சென்றது.

அயலார் வரவு

பதினேழாம் நூற்றாண்டு முதலே இக்கரை அயலார்க்கு உரியதாயிற்று. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1620-ஆம் ஆண்டு முதல் தேனியர் கோட்டையமைத்திருந்தனர். தெற்கே நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658-இல் ஒல்லாந்தர் கவர்ந்தனர். ஒருநாள் நடைக்குள்ளே பல கொடிகள் பறந்த கரை இது.

புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் காரைக்காலை விரும்பியதற்குக் காரணம் துறைமுகம் மட்டுமன்று. புதுச்சேரியைச் சூழ்ந்த நிலம் தன் மக்களுக்கே போதிய நெல் விளைக்காதது. காரைக்காலோ காவிரிக் கழனி. நெல்லும் துணியும் ஒருங்கே கிடைக்கும் துறையென்பதே அவர்தம் நாட்டத்திற்குக் காரணம்.

1738-ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசுரிமைக்குப் போராடிய சாகுஜி, பிரெஞ்சு ஆளுநராகிய தூமாவிடம் உதவி வேண்டி, காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் சில ஊர்களையும் விலைக்குத் தர உடன்பட்டான். அரியணை கைவந்தபின் வாக்குத் தவறினான். அப்போது திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தாசாகிபு தன் படையால் காரைக்காலைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தான். 1739-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அவர் கொடி இங்கு ஏறிற்று. பின்வந்த பிரதாபசிங்கு 1750-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் 81 ஊர்களை அவர்க்கு உரிமையாக்கினான்.

இதன்பின் ஊர் கைமாறிய வரிசை வியப்பிற்குரியது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து 1765-இல் திருப்பித் தந்தனர். 1778-இல் மீண்டும் பிடித்து 1785-இல் தந்தனர். 1793-இல் மூன்றாமுறை பிடித்து, 1814-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி 1817-இல் விட்டனர். அவ்வுடன்படிக்கையில் கோட்டை கட்டலாகாது, காவற்படையளவே வைத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு கட்டளை. எங்கோ ஐரோப்பாவில் மூண்ட போரும் அங்கெழுதிய சமாதானமும் அரசலாற்றங்கரை உழவன் யார்க்கு வரி செலுத்துவது என்பதை வகுத்தன. ஆயினும் விதைத்த நாளும் அறுத்த நாளும் எக்கொடியின் கீழும் மாறவில்லை.

எல்லைக்கோடும் மக்களும்

1817-இற்குப் பின்னர் ஏறத்தாழ நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகள் காரைக்கால் அயலாட்சிக்கு நடுவே பிரெஞ்சுத் தீவுபோல் நின்றது. சுங்கச்சாவடிகள் வயல்வரப்பை ஒட்டி எழுந்தன. தந்தையின் மனை ஓர் ஆட்சியிலும் மகளின் மனை மற்றோர் ஆட்சியிலும் அமைந்த குடும்பங்கள் பல. பேரளத்தினின்றும் காரைக்காலுக்கு 1898-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைந்தது. திருநள்ளாற்றுக்கு வரும் அடியார்க்கு அது பேருதவியாயிற்று. 1987-இல் அவ்வண்டி நின்றது. பின்னர் 2011-ஆம் ஆண்டில் நாகூர் வழியே அகலப்பாதை வந்தது.

இத்துறை கண்ட துயரங்களுட் பெரிது கடல்கடந்த கூலிக்குடியேற்றம். பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை 1848-இல் ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளினின்றும் 1853-இல் மர்த்தினிக்குத் தீவுக்கும், 1854-இல் குவாதலூப்புத் தீவுக்கும் கப்பல்கள் செல்லத் தொடங்கின. ரெயூனியன் தீவுக்கும் பலர் சென்றனர். ஏறியவருட் பெரும்பாலார் மீண்டிலர். அவர் வழியினர் மொழியை இழந்தனர். ஆயினும் மாரியம்மை வழிபாட்டை இன்றும் விடாது போற்றுகின்றனர். பரமதத்தன் அஞ்சிக் கலமேறினான். இவர் பசியாற் கலமேறினர். இருசாராரையும் அனுப்பிய கரை ஒன்றே.

1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரிற் கூடிய மக்கட் பேராளர் 178 பேருள் 170 பேர் இந்தியாவோடு இணைதற்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1956-இல் ஒப்பந்தம் எழுதப்பட்டு, 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படி நிறைவேறியது. 1963-இல் புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியின் ஓர் உறுப்பாயிற்று. பிரெஞ்சுக் குடியுரிமையை மேற்கொண்ட குடும்பங்கள் இன்றும் இந்நகரில் உள்ளன. நகராட்சி ஒன்றும், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்னும் ஐந்து கொம்யூன்களும் ஆகிய ஆட்சிப் பகுப்பில் அப்பழைய சொல்லும் எஞ்சி நிற்கின்றது.

எல்லை முற்றும் அழிந்துவிடவில்லை. வரிவேற்றுமையால் இங்கு மதுவகை விலை குறைந்திருத்தலின், அயல் மாவட்டத்தார் எல்லை கடந்து வருதல் வழக்கமாயிற்று. அதன் கேட்டை இருபுறத்துக் குடும்பங்களும் நுகர்கின்றன. நீர் வழக்கோ இன்னும் பெரிது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், கடைமடையின் நீர் ஆற்றின் இயல்பைச் சார்ந்ததாய் இராமல் அரசுகளின் இசைவைச் சார்ந்ததாயிற்று. காவிரி நடுவர்மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கென வகுத்த பங்கு 7 ஆயிரங்கோடி கன அடி அன்று, 7 டி.எம்.சி., அஃதாவது எழுநூறு கோடி கன அடி. உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் அவ்வளவையே நிலைபெறுத்தியது. பேராற்றின் கணக்கில் இது சிறு துளி. காரைக்கால் உழவர்க்கு இதுவே உயிர். நீர் வாராத ஆண்டில் கடல்நீர் நிலத்தடியில் மேற்கே ஏறிக் கிணறுகளை உவர்ப்பாக்கும். நீர்க்காலாற் பெயர்பெற்ற ஊர் நீர்க்காலாலேயே வாழவேண்டுவதாயிற்று.

எல்லை அறியாத விழா

ஆனித் திங்கள் நிறைமதியை ஒட்டி நிகழும் மாங்கனித் திருவிழா இவ்வூரின் தலையாய விழா. அம்மையார் திருமணமும், அடியார்க்கு அமுதளித்தலும், இறைவன் பிச்சாடனத் திருக்கோலத்துடன் வீதியுலா வருதலும் அதன் பகுதிகள். உலாவின்போது மாடிகளினின்றும் மக்கள் மாங்கனிகளை வாரி இறைப்பர். கீழே நிற்போர் அவற்றை ஏந்திக்கொள்வர். மகப்பேறு வேண்டும் மகளிர் அக்கனியைப் பெரும்பேறாக மதிப்பர். சைவர் கடை, இசுலாமியர் கடை என்னும் வேற்றுமையின்றி அத்தெருக்களில் மாங்கனி வாணிகம் நிகழும். மரைக்காயர் மரபினர் பலர் வாழும் இந்நகரில் மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரிக்கும் பல சமயத்தார் கூடுவர்.

பிரெஞ்சு ஆட்சியின்போதும் தஞ்சை, நாகை, மாயூரம் பகுதியினின்றும் சிவனடியார்கள் இவ்விழாவிற்கு வந்து சென்றனர். ஆட்சிகள் வகுத்த கோட்டை மாங்கனி அறிந்ததில்லை.

முடிபு

உயிர் தனித்து நில்லாது. தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் என்பது சித்தாந்த நூற்றுணிபு. ஊர்களும் ஓரளவிற்கு அவ்வியல்பின. கடலைச் சார்ந்தபோது காரைக்கால் வணிகர் பட்டினமாயிற்று; ஆற்றைச் சார்ந்து நெற்களஞ்சியமாயிற்று; அயலரசுகளைச் சார்ந்து எல்லைநகராயிற்று. இவற்றுள் இடையில் வந்த ஒன்றனையே முதலென்று கொண்டு, 1739-இல் இவ்வூர் தோன்றிற்று என்பார் கூற்றுப் பொருந்தாமை மேற்காட்டிய சான்றுகளால் விளங்கும். பிரெஞ்சுக்காரர் இதனைப் படைத்தாரல்லர். முன்பே இருந்த வளத்தை நாடி வந்தவரே ஆவர்.

மூன்று கொடிகள் மாறி மாறி ஏறி இறங்கிய கோட்டையின் சுவடு இன்று காண்டற்கரிது. தன் பெயரையும் அழகையும் துறந்து, 'காரைக்காற்பேய்' என்று மட்டும் தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவரின் நூற்றுநாற்பத்துமூன்று பாடல்கள் எழுத்துப் பிறழாது நிற்கின்றன. ஊரின் பெயரை உலகில் நிலைபெறச் செய்தது அவற்றுள் எஃது என்பதனைக் கற்றோர் அறிவர். அப்பெயர் தாங்கிய நிலத்தில் நீரும் கரையும் குன்றாமற் காத்தல், எல்லையின் இருபுறத்தும் வாழ்வார்க்குரிய கடனாகும்.